வலது இடுப்பில் விளக்கு

2025 ஜனவரி 5, ஞாயிறு

மாலூரில் ரயில் ஏறியபோதே உட்கார இடம் கிடைத்தது. கையில் இந்தப் பை இல்லாவிட்டால் இன்றைய பெரிய செய்தியாக அதையே எழுதியிருப்பேன்.

பைக்குள் இருப்பது கேனிஸ்டர் லைட். தண்ணீருக்கு அடியில் இருட்டான இடங்களுக்குப் போகிறவர்கள் கட்டிக்கொள்ளும் விளக்கு. பேட்டரி ஒரு டப்பாவில் தனியாக இருக்கிறது, ஒரு சின்ன பிளாஸ்க் பருமன். அதை உடம்பில் எங்காவது கட்ட வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு கேபிள் வரும், கேபிள் முனையில் விளக்கு. அதை இடது புறங்கையில் மாட்டிக்கொண்டால் விரல்கள் வேறு வேலைக்குச் சும்மா இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எரியவிட்டுப் பார்த்தேன். ஊரிகத்தில் எங்கள் லைன் முழுவதற்கும் கல்யாணக் களை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு புஷ்பவல்லி அக்கா, "இன்னாடி இந்து, லாரி வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

எனக்கு டைவிங் சொல்லிக்கொடுக்கும் மனோகர் சார் இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். மாலூர் தாண்டி இருக்கும் அந்தத் தண்ணீர் நிரம்பிய கல்குவாரியில் மார்ச்சிலிருந்து அவருக்கு முழுநேர உதவிப் பயிற்சியாளர் வேண்டுமாம். "பாறைக்கு அடியில வெளிச்சமே வராத இடம் இருக்கே, அங்க இந்த விளக்க கட்டிக்கிட்டு, உன் ஜோடிக்கு உன் சிலிண்டர்லருந்து காத்து குடுத்து வெளிய கூட்டிட்டு வா. செஞ்சு காட்டினா வேலை உனக்கு. இல்லன்னா கோவாலருந்து ஆள் கூப்பிடுவேன்."

வேலை எனக்கா? ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்பு அலசிக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கற்றுக்கொண்ட எனக்கா?

கிரணிடம் சொன்னேன். பள்ளியில் என்னோடு படித்தவன், அதனால் கணவன் ஆன பிறகும் அவன்தான். "அப்ப இனிமே குக்கர் பேச்சே கிடையாதா? அய்யோ, போரடிக்குமே" என்றான்.

ஜனவரி 7, செவ்வாய்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் குக்கர் கம்பெனி கஸ்டமர் கேரில் இன்று ஓர் அம்மாள், விசில் ஏன் ராகமாக வருகிறது என்று கேட்டார். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அவர்கள் கொடுத்திருக்கும் பதிலைத்தான் படிக்க வேண்டும்: தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.

போகும்போது ரயிலில் நின்றுகொண்டு, வரும்போது ரயிலில் நின்றுகொண்டு, நடுவில் குக்கர். மார்ச்சு, மார்ச்சு என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஜனவரி 9, வியாழன்

ரயில் இறங்கி நேராக ஸ்கெலட்டன் லைனுக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். விளக்கை நைனாவிடம் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. நைனா தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன், பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிறவர். மூடும் வரை இருட்டுக்குள்ளேயே வேலை செய்தவர். ஆனால் நான் தண்ணீரில் இறங்குவது அவருக்குப் பிடிக்காது. இறங்குவதற்கு முன்னால் போன் பண்ணினால் எடுக்கவே மாட்டார். பிறகு அவரே கூப்பிடுவார். "ஏறிட்டியா?" அவ்வளவுதான் கேள்வி. "ஏறிட்டேன் நைனா" என்றதும் போனை வைத்துவிடுவார்.

விளக்கைப் பார்த்ததும் மனுஷன் முகமே மாறிவிட்டது.

"இன்னா இது, பேட்டரியா? இத எங்க கட்டச் சொன்னான் உங்க வாத்தியாரு?"

"வலது இடுப்புல, பக்கவாட்டுல."

"பக்கவாட்டுலயா! சந்துல நுழையறப்ப கல்லுல இடிக்காது? பேட்டரின்னா பின்னால, இடது பக்கமா கட்டணும். வயரு முதுகு வழியா ஏறி தோள் மேல வரணும். முன்னாடி ஒண்ணுமே தொங்கக் கூடாது. ஷாஃப்ட்ல இறங்குன அத்தினி பேரும் இன்னா பைத்தியமா?"

சொல்லிக்கொண்டே என் பெல்ட்டை வாங்கிக் கட்டியும் விட்டார். கேபிளை என் முதுகில் ஏற்றி, இடது தோள் வழியாக இறக்கி, கையில் விளக்கை வைத்தார். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது! அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் நாள் கீது, இப்பவே ஜோடிக்கிறீங்களே" என்றாள்.

மனோகர் சார் கடலில் இருந்தவர். அவர் கடலுக்குச் சொல்கிறார், நைனா இருட்டுக்குச் சொல்கிறார். எனக்குச் சோதனை இருட்டில்தானே?

ஜனவரி 11, சனி

நைனா போன் பண்ணினார். பக்கிள் இறுக்கமாக இருக்கிறதா என்று. இறங்குவதற்கு முதல் நாள் அவராகப் போன் பண்ணியது அதிசயம். நாளை ஒத்திகை.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

மனோகர் சார் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "யார் கட்டினது?"

"எங்கப்பா. மைன்ல இருந்தவர்."

"ம்" என்றார். "அப்ப ஆழமில்லாத பக்கமே போவோம். நான் பக்கத்துல இருக்கேன்."

அந்த "ம்"மிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கே? நான்தான் அவருக்குப் புதுசாக ஒன்று கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பில் இருந்தேனே.

தண்ணீருக்குள் போனதும் டப்பா என்னை இடது பக்கமாகச் சாய்த்தது. ஒரு பக்கம் காற்றுப் போன ஆட்டோ மாதிரி போய்க்கொண்டிருந்தேன். சரி, பழகிவிடும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு ஜோடியாக இறங்கிய நேத்ரா என் பக்கம் திரும்பி, கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டினாள். காற்று இல்லை என்று அர்த்தம். பயிற்சிதான். அவளுடைய வாய்க்கருவி அவள் மார்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் என் வாயில் இருப்பதை எடுத்து அவளிடம் நீட்ட வேண்டும். எனக்குக் கழுத்தடியில் இன்னொன்று இருக்கிறது. இதற்காகவே நீளமான குழாய் வைத்திருக்கிறார்கள். அது வலது இடுப்பிலிருந்து மார்பைக் கடந்து, இடது தோளில் ஏறி, கழுத்துக்குப் பின்னால் சுற்றி வாய்க்கு வரும்.

இடது தோளில். அங்கேதானே நைனா கேபிளை இறக்கியிருந்தார்.

நீட்டினேன். குழாய் வரவில்லை. இழுத்தேன். கேபிள் அதன் மேல் குறுக்கே படுத்துக்கொண்டு அமுக்கியது. இன்னும் இழுத்தால் என் இடது கை தானாகத் தூக்கிக்கொண்டு கன்னத்துக்கு வந்தது, விளக்கு நேராக நேத்ராவின் கண்ணில் அடித்தது. கண் கூசி அவளுக்குத் தன் கருவியும் கைக்கு அகப்படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டாள். மனோகர் சார் தன்னுடையதைக் கொடுத்து மேலே கொண்டுவந்தார். நின்றால் தலை வெளியே தெரியும் ஆழம்தான். ஆனாலும்—

இருமி முடித்து நேத்ரா சொன்னாள்: "கண்ணும் தெரியல, காத்தும் இல்ல. நீ எனக்கு ஜோடியா, எதிரியா?"

அவளுக்கு இந்த வேலையே வேண்டாம். பெங்களூரில் நல்ல கம்ப்யூட்டர் வேலை. எனக்காகத்தான் கூட இறங்குகிறாள். எப்போதும் காரில் ஸ்டேஷனில் விட்டுப் போகிறவள் இன்று சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

மனோகர் சார் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். "உங்கப்பா சொன்னது அவர் இடத்துக்கு சரி. அவர் விளக்கு அவருக்கு மட்டும். இங்க நீ இன்னொருத்தருக்கு மூச்சு குடுக்கணும். உன் வயர் அதுக்கு வழி விடணும். இருபத்தாறாம் தேதி இன்னொரு தடவ பாக்கறேன். ஜோடி இல்லாம வராத."

ஜோடிக்கு எங்கே போவேன்?

நைனா கூப்பிட்டார். "ஏறிட்டியா?" ஏறிட்டேன் என்றேன். "விளக்கு?" என்று கேட்டார். "நல்லாருந்துச்சு" என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

நேத்ராவுக்கு அனுப்பிய ஸாரி இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது. தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்று ஊருக்கெல்லாம் விடுமுறை, குக்கர் கஸ்டமர் கேருக்கு மட்டும் திருவிழா. "பொங்க மாட்டேங்குது", "பொங்கி கூரைல அடிச்சிடுச்சு", "கேஸ்கட் எந்தப் பக்கம்?" காலையிலிருந்து தண்ணீர் குடிக்க நேரமில்லை. என் டீம் லீடர் லதா, எங்கள் எல்லாருக்கும் ஒரு டப்பாவில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். பானையில் செய்ததாம். கெட்டிக்காரி.

மத்தியானம் வாட்ச்மேன் கூப்பிட்டு, கேட்டில் யாரோ என்றார். போனால் நேத்ரா. பட்டுப் புடவை, தலை நிறைய பூ, முகத்தில் மட்டும் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். எள்ளு, வெல்லம், கொப்பரை, கூடவே கிளி உருவத்தில் ஒரு சர்க்கரை அச்சு.

"எள்ளு பெல்லா தின்னு, ஒள்ளே மாத்தாடு" என்றாள், பாடம் ஒப்பிப்பது போல. எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசு. சங்கராந்திக்குக் கன்னடக்காரர்கள் இதைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். எங்கள் லைனிலும் வருஷா வருஷம் வரும். வாங்கித் தின்றுவிட்டு மறந்துவிடுவோம்.

"உன்ன திட்டணும்னுதான் கெளம்பினேன். எங்கம்மா இத கையில குடுத்து அனுப்பிட்டாங்க. இத குடுத்துட்டு திட்டக் கூடாது."

"அப்ப நாளைக்கு வந்து திட்டு."

"நாளைக்கு ஆபீஸ்." அதற்கு மேல் அவளால் முகத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன். வாட்ச்மேன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் கொடுத்தோம்.

"இருபத்தாறாம் தேதி வருவேன்," என்றாள். "ஆனா தண்ணிக்கு வெளிய நூறு தடவ செஞ்சுட்டு வா. எனக்கு மறுபடி அந்தத் தண்ணிய குடிக்க முடியாது. தவளை டேஸ்ட்."

கிளியின் தலையை அவளுக்குக் கொடுத்தேன். வால் எனக்கு.

ஜனவரி 15, புதன்

நேற்று வேலை செய்ததற்கு இன்று விடுப்பு. ஸ்கெலட்டனில் சாப்பாடு. வடை பிரமாதம். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டியவன், கிரண்.

"மாமா, உங்க செட்டிங்ல ஒரு பொண்ணு குவாரியவே குடிச்சிடுச்சாமே!"

சும்மா கிண்டல்தான். நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டார். பின்பக்கம் குழாயடியில் நின்றுகொண்டிருந்தவரிடம் போனேன்.

"அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா கீறாங்களா?"

"கீறாங்க நைனா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நேத்து எள்ளு கூட குடுத்தா."

"நான் போயி மன்னிப்பு கேக்கட்டுமா?"

இந்த மனுஷன் என்னிடம்கூட எதற்கும் ஸாரி சொன்னதில்லை.

"சுரங்கத்துல தண்ணி வந்தா மேல ஏறணும். எங்களுக்கு அவ்ளோதான் தெரியும் இந்து. இறங்கறவளுக்கு நான் போயி வழி சொன்னேன் பாரு. வேணாம்மா. அந்த குக்கர் வேலயே போதும். உக்காந்து பேசற வேல."

வேணாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். மனோகர் சார் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்கிறார், நேத்ரா வருகிறேன் என்கிறாள், இப்போது என் வீட்டுக்குள்ளேயே மார்ச்சுக்கு ஒரு பூட்டு. அவர் சம்மதம் இல்லாமல் போக முடியாதா? முடியும். முப்பத்தி நான்கு வயது. ஆனால் போக மனசு வருமா என்றால், தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிரணோடு பேசவில்லை. "நாக்குல சனி" என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

குவாரியில் ஏதோ கம்பெனிக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வருகிறார்களாம், எங்களுக்கு இடமில்லை. பிராயச்சித்தமாகக் கிரண் வீட்டிலேயே குவாரி கட்டினான்.

கூடத்தில் மர பெஞ்சு. அதில் நான் குப்புறப் படுத்திருக்க வேண்டும், தண்ணீரில் அப்படித்தானே மிதப்போம். செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை டியூபில் ஒரு துண்டு வெட்டி நீளக் குழாய். டப்பாவையும் கேபிளையும் இந்த முறை மனோகர் சார் சொன்னபடி கட்டினேன். வலது இடுப்பில், சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகட்டை ஒட்டினாற்போல் நன்றாகப் பின்னால் தள்ளி. முன்னால் நகர்ந்து வராமல் இருக்க அதற்கென்று தனியாக ஒரு பக்கிள். அது கிரண் கொண்டுவந்தது. கேபிள் வயிற்றைக் கடந்து இடது கைக்கு. குழாய் டப்பாவுக்கு அடியில் செருகி, கேபிளுக்கு மேலாகப் போய், கழுத்தைச் சுற்றி வாய்க்கு. கட்டிப் பார்த்த பிறகுதான் டப்பா ஏன் வலது பக்கம் என்றே புரிந்தது. இடுப்பில் அந்தக் குழாயை அலையாமல் பிடித்துக்கொள்வதே அதுதான்! சொன்னபோது காதில் வாங்கியிருந்தால் நேத்ரா தவளைத் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள்.

முக்காலியில் படுத்துக்கொண்டு கிரண் காற்று இல்லாமல் தவித்தான். சும்மா சொல்லக் கூடாது, சினிமாவில் வில்லன் சாவது போல் தவித்தான். புஷ்பவல்லி அக்கா ஓடிவந்து, "இன்னாச்சு, வலிப்பா? சாவி குடுங்க கையில!" என்று கத்த, நான் சிரித்ததில் பெஞ்சிலிருந்து விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் வாசலில் நைனா. கையில் அம்மா கொடுத்தனுப்பிய கீரைக் கடையல். எவ்வளவு நேரம் நின்றாரோ.

தூக்குப் போசியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். கிரணைப் பார்த்து, "எழுந்துரு" என்றார். முக்காலியில் அவர் படுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, அறுபத்தெட்டு வயதில், வயிற்றுப் பக்கமாக.

"எப்டி கேக்கணும்? வாயத் தொறந்து கேக்க முடியாதில்ல?"

கழுத்தை அறுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். நான் வலது கையால் வாயிலிருந்த டியூபை எடுத்து, தலையைக் குனிந்து, நீட்டினேன். தடையே இல்லாமல் அவர் கைக்குப் போனது. வாயில் வைத்துப் பார்த்தார்.

"மண்ணு வாசன வருது."

"செடிக்குப் போற டியூப் நைனா."

"இன்னொரு தடவ குடு."

பிறகு அவர் விடவே இல்லை. அந்தப் பக்கம் வந்து கேட்டார், இந்தப் பக்கம் வந்து கேட்டார், நான் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கழுத்தை அறுத்துக் காட்டினார். கேபிள் எங்கே போகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஏன் குழாய்க்கு அடியில் என்று கேட்டார், சொன்னேன். கேள்வி கேட்டாரே தவிர, ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. கடைசியில் எனக்குக் கழுத்துதான் வலித்தது.

போகும்போது, "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. கீரையில் உப்பு கம்மி, போட்டுக்கோ என்றார்.

ஜனவரி 25, சனி

பயம். நேத்ராவுக்கு மெசேஜ்: "தவளை இல்லாத தண்ணி நாளைக்கு." அவள் பதில்: "பாக்கலாம்." உடனே நீல டிக். அதுவே போதும்.

ஜனவரி 26, ஞாயிறு

பாஸ்! பாஸ்! பாஸ்!

சரி, ஒழுங்காக எழுதுகிறேன்.

பாறைக்கு அடியில் போகப் போகப் பச்சை கறுப்பாகிறது. பிறகு விளக்கு அடிக்கும் இடம் மட்டும்தான் உலகம். மனோகர் சார் பின்னால். நானும் நேத்ராவும் பக்கம் பக்கமாக. என் வெளிச்சத்தைப் பாறையில் வட்டமாகச் சுற்றினேன், நன்றாக இருக்கிறாயா என்று கேட்பது அப்படித்தான். அவளும் வட்டம் போட்டாள். இடுப்பில் டப்பா இருப்பதே தெரியவில்லை. ஒரு பக்கமும் சாயவில்லை.

எப்போது கேட்பாள், எப்போது கேட்பாள் என்று பயந்துகொண்டே போனதில், அவள் உண்மையில் கேட்டபோது யோசிக்க நேரமில்லை. அவள் வெளிச்சம் பாறையில் படபடவென்று ஆடியது. திரும்பினேன், கை தானாக வாய்க்குப் போனது, தலை குனிந்தது, குழாய் நெஞ்சின் மேலிருந்து எழுந்து முழுதாக அவள் பக்கம் போனது. என் இடது கை கீழேயே இருந்தது, வெளிச்சம் அடித்தரையில் இருந்தது, அவள் கண்ணில் இல்லை. கழுத்தடியில் இருந்த மற்றதை நான் வாயில் வைத்துக்கொண்டேன். நேத்ரா மூச்சு விட்டாள். அவள் குமிழிகள் மேலே பாறையில் பாதரசம் மாதிரி ஓடின.

மனோகர் சார் போதும் என்று கை காட்டினார். இனி அவள் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதற்கு மாறிக்கொள்ளலாம். நேத்ரா தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, என் காற்றையே இழுத்துக்கொண்டு, வெளிச்சம் வரும் இடம் வரை வந்தாள். எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்க ஒரு வழி யாராவது கண்டுபிடிக்கட்டும்.

மேலே வந்து அவள் முதலில் சொன்னது: "இன்னிக்கும் ஓரத்துல கொஞ்சம் தவளை இருந்துச்சு."

மனோகர் சார் கை குலுக்கினார். "மார்ச் மூணு, திங்கக்கெழம. காலைல வந்துடு."

நைனா: "ஏறிட்டியா?" ஏறிட்டேன், பாஸ் என்றேன். "அந்தப் பொண்ணு?" என்றார். நேத்ராவிடம் போனைக் கொடுத்தேன். அவள், "நல்லா இருக்கேன் அங்கிள், ஒரு சொட்டுக்கூட குடிக்கல" என்றாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று அவள் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஜனவரி 28, செவ்வாய்

ராஜினாமா கொடுத்தேன். லதா, "மேல ஏறி டீம் லீடர் ஆவேன்னு பாத்தா, குழிக்குள்ள எறங்கறியேடி" என்றாள். கட்டிக்கொண்டு அழுதாள். கேஸ்கட் சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

முதல் நாள். கோலாரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, இருட்டில் முதல் தடவை. இரண்டு பேருக்கும் பெல்ட்டை நானே சரிபார்த்தேன். பிறகு என்னுடையதைக் கட்டிக்கொண்டு படியில் நின்றபோது போன் அடித்தது. மனோகர் சார் எடுத்து நீட்டினார். நைனா. இன்னும் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை, அதற்குள் எதற்குக் கூப்பிடுகிறார் என்று பதறிவிட்டேன். அம்மாவுக்கு ஏதாவதா?

"விளக்கு எங்க கீது?" என்றார்.

"வலது இடுப்புல நைனா."

"பின்னால தள்ளிக் கட்டினியா?"

"தகட்ட ஒட்டி கீது."

"பக்கிளு?"

"ரெண்டும் போட்டுட்டேன்."

"வயரு?"

"குழாய்க்கு அடியில."

"குழாயி?"

"டப்பாக்கு அடியில வந்து வயருக்கு மேல. தடையே இல்ல. இழுத்துப் பாத்துட்டேன்."

மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அம்மா ஏதோ கேட்க, இரு என்று அவளை அடக்கினார்.

"செரி," என்றார். "எறங்கு."

போனை மனோகர் சாரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.